காய்ச்சல் விட்ட பிறகும் விடாத பயம்: டெங்குவிலிருந்து தேறி வரும் நாட்களில் வரும் பதற்றம்

டெங்குவுக்காக ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பிய நாலாவது நாள், ராத்திரி இரண்டரை மணி இருக்கும், திடுக்கென்று விழிப்பு வந்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, விரல் நுனிகள் மரத்த மாதிரி இருக்கின்றன, எவ்வளவு இழுத்தாலும் மூச்சு முழுசாக உள்ளே போகவில்லை. எழுந்து போய்க் குளியலறை விளக்கைப் போட்டு, உதட்டை விலக்கி, ஈறில் ரத்தம் கசிகிறதா என்று பார்த்தேன். கையிலும் காலிலும் சிவப்புப் புள்ளி தேடினேன். தெர்மாமீட்டர் 98.2 தான் காட்டியது. சத்தம் கேட்டு எழுந்து வந்த அம்மா, "என்னடா, மறுபடியும் காய்ச்சலா?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஜில்லுன்னுதானே இருக்கு, படு" என்றார். அந்த 'ஜில்லுன்னு' என்ற சொல் என்னை இன்னும் உலுக்கிவிட்டது. ஏனென்றால் கை கால் ஜில்லிட்டுப் போனால் உடனே சொல்லுங்கள் என்று வார்டில் நர்ஸ் தினமும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

விடிந்ததும் டாக்டரிடம் ஓடினேன். நாடி, ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை, ஈசிஜி எல்லாம் பார்த்துவிட்டு, உடம்பு நன்றாகத் தேறி வருகிறது, இது பதற்றம் என்றார். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. இவ்வளவு நிஜமாக உடம்பில் நடப்பதை 'மனசு' என்று சொல்லி அனுப்பிவிட்டாரே என்று கோபம்கூட வந்தது. அவர் சொன்னதன் முழு அர்த்தம் புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது. அதே இடத்தில் இன்றைக்கு நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ இருந்தால், அந்த ஒரு மாதத்தைக் கொஞ்சம் சுருக்கித் தர முடியுமா என்று பார்க்கிறேன்.

முதலில் டெங்குவைப் பற்றி ஒரு விஷயம். மற்ற காய்ச்சலில் சூடு இறங்கினால் அப்பாடா என்று உட்காரலாம். டெங்குவில் கதை வேறு. காய்ச்சல் 2 முதல் 7 நாள் வரை அடிக்கும், அப்புறம் இறங்கும், அது இறங்குகிற சமயத்தில்தான் சிலருக்கு ரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசிய ஆரம்பிக்கிறது, ரத்த அழுத்தம் விழலாம், தட்டணுக்களும் (நாம் எல்லோரும் 'கவுண்ட்' என்று சொல்வது) அப்போதுதான் அடிமட்டத்துக்குப் போகும். இந்த ஆபத்தான கட்டம் பொதுவாக 24 முதல் 48 மணி நேரம். அதனால்தான் டாக்டர்கள் 'காய்ச்சல் விட்டதும் அலட்சியமா இருக்காதீங்க, இனிமேல்தான் கவனம்' என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். உயிர் காக்கிற அறிவுரை அது, அதில் ஒரு சொல்லைக்கூடக் குறைக்கக் கூடாது.

ஆனால் அந்த அறிவுரை மனசுக்குள் போய் எப்படிப் பதிகிறது என்று பாருங்கள். உடம்பு நன்றாக இருக்கிற மாதிரித் தோன்றுகிறதா, அதுதான் ஆபத்தான நேரம். இப்படித்தான் பதிகிறது. தெருவுக்கு ராத்திரிக் காவலுக்கு ஒருவரை நிறுத்திவிட்டு, திருடன் பிடிபட்டுவிட்டான், நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்று அவரிடம் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டால், அவர் இலை அசைந்தாலும் விசில் ஊதிக்கொண்டுதான் இருப்பார். தேறி வரும் நாட்களின் பதற்றம் பெரும்பாலும் அந்த விசில்தான். டெங்கு பற்றி மட்டும் இல்லை, கொரோனா, சிக்குன்குனியா, கடுமையான ஃப்ளூ என்று உடம்பை உலுக்குகிற எந்த வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறமும் இது வரலாம். ஆனால் 'நல்லா இருக்கும்போது பயப்படு' என்று கற்றுக்கொடுப்பது டெங்குதான் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

அப்படியானால் காவல் எப்போது முடிகிறது? காய்ச்சல் மாத்திரை போடாமலே ஓரிரு நாள் காய்ச்சல் இல்லாமல் இருப்பது, பசி திரும்புவது, சிறுநீர் தாராளமாகப் போவது, கவுண்ட் ஏற ஆரம்பிப்பது, டிரிப்ஸ் இல்லாமலே ரத்த அழுத்தம் நிலையாக நிற்பது, இவையெல்லாம் பார்த்துத்தான் டிஸ்சார்ஜ் எழுதுகிறார்கள். கசிந்த நீர் மறுபடி ரத்தக் குழாய்க்குள் திரும்புகிற வேலை இரண்டு மூன்று நாளில் நடந்துவிடும். அதற்கு அப்புறம் அந்தக் குறிப்பிட்ட ஆபத்து கடந்துபோன ஒன்று. இதை டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்: "சார், அந்த ஆபத்தான கட்டம் எனக்கு முடிஞ்சிடுச்சா?" அவர் முடிந்தது என்று சொன்னால் தேதியோடு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி இரண்டரை மணிக்கு ஞாபகம் உதவிக்கு வராது, தாள் வரும்.

சரி, பதற்றம் என்றால் உடம்பில் என்னதான் நடக்கிறது? மூளை ஆபத்து என்று முடிவு செய்தவுடன் சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு வேகமாகும், தசைகள் முறுக்கிக்கொள்ளும், ரத்தம் தோலிலிருந்து பெரிய தசைகளுக்குத் திருப்பிவிடப்படுவதால் கை கால் ஜில்லிடும், வியர்க்கும், வயிற்றைக் கலக்கும். ஓடவோ சண்டை போடவோ தயாராகிற ஏற்பாடு இது. எதிரில் நாய் துரத்தினால் இதெல்லாம் உதவும், கட்டிலில் படுத்திருக்கும்போது இதே ஏற்பாடு நடந்தால் நமக்குத் தெரிவதெல்லாம் காரணம் இல்லாத படபடப்பு மட்டுமே. மூச்சு வேகமாகும்போது ரத்தத்தில் கரியமில வாயுவின் அளவு குறைகிறது, அதனால் விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போகும், தலை கிறுகிறுக்கும், நெஞ்சு இறுகும், மூச்சு போதவில்லை என்று தோன்றும். போதவில்லையே என்று இன்னும் வேகமாக இழுப்போம், இன்னும் மரத்துப்போகும். அன்று ராத்திரி எனக்கு நடந்தது அச்சு அசலாக இதுவே. டாக்டர் பதற்றம் என்று சொன்னபோது இதெல்லாம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. இதெல்லாம் நிஜமாகவே நடக்கிறது, ஆனால் இதைக் கிளப்பிவிட்டது டெங்கு இல்லை, அட்ரினலின் என்றுதான் சொன்னார்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, இதைச் சொல்லாமல் 'எல்லாம் பயம்தான், விடுங்க' என்று சொல்கிறவர்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு. தேறி வரும் உடம்பு தானாகவே நிறைய விசித்திரங்கள் செய்யும். பயம் ஒன்றும் சூனியத்திலிருந்து கதை கட்டுவதில்லை, உடம்பு தருகிற நிஜமான சைகையை எடுத்துத் தப்பாக மொழிபெயர்க்கிறது. ஒரு வாரம் படுத்தே இருந்தால் ரத்தத்தின் அளவும் தசையின் தெம்பும் குறையும், அதனால் எழுந்து நின்றவுடன் இதயம் வேகமாக அடிக்கும், இரண்டு மாடி ஏறினால் நாலு மாடி ஏறின மாதிரி இரைக்கும். இன்னொரு பக்கம், டெங்கு தணிகிற நாட்களில் நாடித்துடிப்பு வழக்கத்தைவிடக் குறைவது சாதாரணம். கொரோனா சமயத்தில் வாங்கி வைத்த ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்தேன், நாடி 52 என்று காட்டியது, அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சில நாளில் அது தானாகவே சரியானது. உள்ளங்கையும் உள்ளங்காலும் தாங்க முடியாமல் அரிக்கும். சிவந்த தோலில் நடுநடுவே வெள்ளைத் திட்டுகளாகத் தடிப்பு வரலாம், பார்க்கப் பயங்கரமாக இருக்கும், உண்மையில் அது தேறி வருவதன் அடையாளம். சோர்வு வாரக்கணக்கில் இருக்கும், சிலருக்கு மாதக்கணக்கிலும் நீடிக்கும். கவுண்டும் அப்படித்தான், வெள்ளை அணுக்கள் முதலில் ஏறும், தட்டணுக்கள் கொஞ்சம் பின்னால்தான் வரும், ஒரு லேபுக்கும் இன்னொரு லேபுக்கும் எண் மாறும், அதனால் 1,40,000 என்றும் மறுநாள் 1,30,000 என்றும் வந்தால் இறங்கிவிட்டது என்று அர்த்தம் இல்லை.

இரண்டு மூன்று மாதம் கழித்துத் சிலருக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டலாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அப்போது யாரும் பழைய காய்ச்சலோடு அதைச் சேர்த்துப் பார்ப்பதில்லை. பெரிய காய்ச்சல் வந்த அதிர்ச்சியில் நிறைய முடிவேர்கள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன, ஓய்வு முடிகிற நேரத்தில் அந்த முடியெல்லாம் சேர்ந்து உதிர்கிறது. வேர் அங்கேயேதான் இருக்கிறது, பெரும்பாலும் சில மாதங்களில் முளைத்துவிடும். எங்கள் தெருவில் ஒரு அக்கா இதைப் பார்த்துவிட்டு என்ன வியாதியோ என்று இரண்டு வாரம் தூங்காமல் இருந்தார்.

மனச்சோர்வுக்கும் உடம்பில் ஒரு காரணம் உண்டு. வைரஸோடு சண்டை போட நோய் எதிர்ப்பு மண்டலம் சுரக்கும் ரசாயனங்கள் மூளையையும் தொடுகின்றன. எதிலும் ஆசை இல்லாமல், யாரோடும் பேசப் பிடிக்காமல், சுருண்டு படுத்திருக்கச் சொல்வது அவைதான். உடம்பு தன் சக்தியைச் சேமிக்கிற வழி அது. காய்ச்சல் போனாலும் இதன் மிச்சம் கொஞ்ச நாள் இருக்கும். அதனால் 'ஏன் இப்படி எதுக்கெடுத்தாலும் அழுகை வருது' என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம்.

இனி, என்ன செய்யலாம் என்பதற்கு வருவோம். எனக்கு ரொம்ப உதவியது சோதித்துப் பார்க்கும் பழக்கத்தைக் கட்டுப்படுத்தியதுதான், கஷ்டமாக இருந்ததும் அதுதான். ஆஸ்பத்திரியில் மணிக்கு மணி காய்ச்சல், அழுத்தம், சிறுநீர் அளவு என்று பார்ப்பார்கள், தினம் ரத்தம் எடுப்பார்கள். வீட்டுக்கு வந்தும் நாமே அந்த நர்ஸ் வேலையை எடுத்துக்கொள்கிறோம். ஈறு, நாடி, தோல், நாக்கு, மலத்தின் நிறம். பார்த்தவுடன் ஒரு நிம்மதி கிடைக்கும், பத்து நிமிஷத்தில் அது கரைந்து மறுபடி பார்க்கத் தோன்றும். அரிக்கிற இடத்தைச் சொறிகிற மாதிரி, சொறியும்போது சுகம், சொறியச் சொறிய அரிப்பு கூடும். ஒவ்வொரு தடவை பார்த்து நிம்மதி அடையும்போதும் மூளை கற்றுக்கொள்வது 'பார்த்ததால்தான் தப்பித்தேன்' என்பதை, அதனால் அடுத்த தடவை பார்க்காமல் இருப்பது இன்னும் கஷ்டமாகிறது.

ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் யாராலும் முடியாது, என்னாலும் முடியவில்லை. அதனால் காலை 8, இரவு 8 என்று இரண்டு நேரம் வைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் காய்ச்சல் பார்த்து நோட்டில் எழுதுவேன், மற்ற நேரத்தில் தெர்மாமீட்டரும் ஆக்சிமீட்டரும் அம்மாவின் பீரோவில் இருக்கும். நடுவில் பார்க்கத் தோன்றினால் 'எட்டு மணிக்குப் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடுவேன். முதல் இரண்டு நாள் அந்த அவஸ்தை கூடியது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மூன்றாம் நாளிலிருந்து குறைந்தது. ஒரு வாரத்தில் இரவு 8 மணியை நானே மறக்க ஆரம்பித்தேன். ரத்தப் பரிசோதனை டாக்டர் சொன்ன தேதியில் மட்டும். மனசு கேட்கவில்லை என்று ஓடிப்போய் லேபில் கவுண்ட் பார்ப்பதும் அதே சொறிதல்தான், காசு வேறு போகிறது.

படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது செய்ய வேண்டியது மூச்சை இழுப்பது இல்லை, விடுவது. மூக்கு வழியாக நாலு எண்ணும் வரை மெதுவாக இழுத்து, ஆறு எண்ணும் வரை இன்னும் மெதுவாக விடுங்கள். வெளியே விடும் மூச்சு நீளும்போது இதயத்தை நிதானப்படுத்துகிற நரம்பு வேலை செய்கிறது, கரியமில வாயுவின் அளவும் பழைய நிலைக்கு வரும், மரத்துப்போவது குறையும். ஐந்து நிமிஷம் வேண்டும், இரண்டு மூச்சில் நடக்காது. இப்படி வருகிற பயத்தின் அலை பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய், அதற்கப்புறம் இறங்கத்தான் செய்யும். இதைத் தெரிந்துகொண்டதே எனக்குப் பாதி மருந்து. அதை அடக்கப் போராடாமல், 'வந்திருக்கு, பத்து நிமிஷத்துல இறங்கும்' என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

நடப்பதைப் பற்றி இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. பயத்தில் கட்டிலை விட்டே இறங்காமல் இருந்தால் தெம்பு இன்னும் குறையும், நின்றால் படபடப்பு, அதனால் இன்னும் பயம். இன்னொரு பக்கம், கொஞ்சம் நன்றாக இருக்கும் நாளில் வீட்டையே ஒழித்துக் கழுவிவிட்டு அடுத்த மூன்று நாள் எழுந்திருக்க முடியாமல் கிடப்பவர்கள் உண்டு. வீட்டுக்குள் ஐந்து நிமிஷம், இரண்டு நாள் கழித்து வாசல் வரை, அப்புறம் தெருமுனை வரை. மறுநாள் சோர்வு அதிகமானால் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். காபி, டீ விஷயத்திலும் கவனம்: உள்ளே போன கஃபீனில் பாதி வெளியேறவே பலருக்கு ஐந்து மணி நேரம் ஆகும், அது தருகிற படபடப்பும் பயம் தருகிற படபடப்பும் உடம்புக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். தேறும் வரை மதியத்துக்கு மேல் வேண்டாம். இளநீர், கஞ்சி, ரசம் சாதம், முட்டை, பருப்பு, உடம்பு ஏற்றுக்கொள்கிற எதுவும் நல்லது. பத்தியம் என்ற பெயரில் சத்தான சாப்பாட்டையெல்லாம் வெட்டிவிட்டால் சோர்வுதான் நீளும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விசாரிக்கிற ஒவ்வொரு சொந்தக்காரரும் போனில் முதலில் கேட்பது "கவுண்ட் எவ்வளவு?", அடுத்து அவர்களுக்குத் தெரிந்த ஒருவர் எப்படி நன்றாக இருந்து திடீரென்று இறந்துபோனார் என்ற கதை. அன்பில்தான் சொல்கிறார்கள், ஆனால் கேட்கிற ஆளுக்கு அன்றைய தூக்கம் போய்விடும். அந்த போன்களை ஒருவர் மட்டும் எடுத்துப் பேசட்டும். அப்புறம், 'பயப்படாதே' என்று சொல்லிப் பயம் போனதாக எனக்கு ஞாபகம் இல்லை. என் அம்மா ஒரு கட்டத்தில் அதைச் சொல்வதை விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே "மெதுவா விடு, நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்ல ஆரம்பித்தார். அது வேலை செய்தது.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. எதையும் நீங்களாகவே பதற்றம் என்று முடிவு கட்டாதீர்கள், முதல் தடவை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். காய்ச்சல் திரும்புவது, விடாத வயிற்று வலி, நிற்காத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ ரத்தம், கறுப்பாக மலம் போவது, மயங்கி விழுவது, குழப்பமான பேச்சு, சிறுநீர் வெகுவாகக் குறைவது, இதில் ஒன்று இருந்தாலும் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டு உட்கார்ந்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரிதாகச் சிலருக்கு வைரஸ் இதயத் தசையைத் தொடுவதும் உண்டு, அதனால் நெஞ்சு வலியும், படுத்தால்கூட மூச்சு வாங்குவதும், இதயத்துடிப்பு தாறுமாறாக ஓடுவதும் ஈசிஜி எடுத்துப் பார்க்க வேண்டியவை. சோர்வும் படபடப்பும் பல வாரம் நீடித்தால் ரத்தசோகையும் தைராய்டும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

உடம்பில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் இரண்டு மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை, வேலைக்குப் போக முடியவில்லை, தனியாக இருக்கப் பயம் என்று போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். எண்ணத்தையும் பழக்கத்தையும் படிப்படியாக மாற்றுகிற சிபிடி என்ற பேச்சு வழிச் சிகிச்சை இதற்கு நன்றாகவே உதவுகிறது, தேவைப்பட்டால் மாத்திரையும் தருவார்கள், அது பலன் தரச் சில வாரம் ஆகும். மெடிக்கலில் கேட்டு நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கிப் போட வேண்டாம், அதில் சில சீக்கிரம் பழக்கமாகிவிடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மனாஸ் உதவி எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் மூன்று வாரம் எல்லாம் காத்திருக்காமல் அப்போதே கூப்பிடுங்கள், அப்போதே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, எல்லோரையும் அரிக்கிற ஒரு பயம் மிச்சம் இருக்கிறது: மறுபடி வந்தால்? டெங்கு வைரஸில் நாலு வகை. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு எதிராக நீண்டகாலப் பாதுகாப்பு கிடைக்கும், மற்ற மூன்றுக்குக் கொஞ்ச காலம்தான். வேறு வகை இரண்டாவதாக வந்தால் தீவிரமாவதற்கான வாய்ப்பு கூடும் என்பது உண்மை, இரண்டாவது தடவை வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு அது தீவிரமாவதில்லை என்பதும் உண்மை. இந்த ஒரு பயத்துக்கு மட்டும் வெளியே செய்வதற்கு வேலை இருக்கிறது. டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக வளர ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும், முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உள்பக்கத்தைத் தேய்த்தும் கழுவ வேண்டும். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை அது நடக்கிறது. ஃப்ரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டி அடித்தட்டு, மொட்டைமாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, தொட்டி மூடி, எல்லாம் பார்த்து முடிக்க இருபது நிமிஷம். முடிந்ததும் அம்மா டீ போடுவார், காலை நேரம் என்பதால் நானும் குடிக்கிறேன்.